கினீசியாலஜி படித்தால் பிசியோ ஆகலாமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 20 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இரண்டு தடவை எழுதிவிட்டார். இரண்டாம் தடவை உயிரியலில் சி (திறமைச் சித்தி), இரசாயனவியலிலும் பௌதிகவியலிலும் எஸ் (சாதாரண சித்தி). பாடசாலையில் 800 மீற்றர் ஓடி மாகாண மட்டம் வரை போனவர். கடைசி வருடம் கணுக்கால் பிரண்டு விழுந்தபோது வைத்தியசாலைப் பிசியோ அம்மா ஒருவர் ஆறு வாரம் பயிற்சி கொடுத்து மறுபடி ஓட வைத்தாராம். அன்றிலிருந்து இந்தத் துறைதான் என்று மனதில் பதிந்துவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் மாமா, "இங்க வந்து கினீசியாலஜி படி, நாலு வருசத்துல பிசியோவாயிறலாம்" என்கிறார். ஏஜென்சி ஒன்று, பதிவுக்கட்டணம் என்று 3 இலட்சம் முன்பணம் கேட்கிறது. அப்பாவுக்கு இந்த வருடம் 55 முடிகிறது. ஈபிஎப், ஈடிஎப் காசு (ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பு) வரப்போகிறது; அதை இதற்குத் தரலாமா என்று வீட்டில் பேச்சு. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார், தம்பி சாதாரணதரம் படிக்கிறார். அப்பாவுக்கோ, "ஓட்டமும் ஆட்டமும் சோறு போடாது, டீச்சர் வேலைக்குப் போ" என்ற எண்ணம்.

கேள்விகள் மூன்று. கினீசியாலஜியும் பிசியோவும் ஒன்றுதானா? படித்துவிட்டுத் திரும்பி வந்தால் இங்கே வைத்தியசாலையில் வேலை கிடைக்குமா? அப்பாவின் காசை இதில் போடலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். போட வேண்டாம். ஏஜென்சிக்கு அந்த 3 இலட்சத்தையும் இப்போது கட்ட வேண்டாம். படிப்பு மோசமானது என்பதற்காகச் சொல்லவில்லை. மாமா சொன்ன வழியில் ஒரு படி விடுபட்டிருக்கிறது, அந்த ஒரு படியில்தான் முழுக் காசும் போய்விடும்.

கினீசியாலஜி என்பது என்ன

அந்தப் பிசியோ அம்மா, ஐந்தாவது வாரம் தலையணை மேல் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, பிறகு கண்ணையும் மூடச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று கேட்க வெட்கமாக இருந்ததாம். நாம் விழாமல் நிற்க மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது: கண், உட்காது, மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர்முனைகள். கணுக்கால் பிரளும்போது தசைநார் மட்டும் கிழிவதில்லை, அதிலுள்ள உணர்முனைகளும் பழுதாகின்றன. நோவு போன பிறகும் கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி தாமதமாகப் போகும். அதனால்தான் ஒருமுறை பிரண்ட கால் திரும்பத் திரும்பப் பிரள்கிறது. கண்ணை மூடினால் மூளைக்குக் கணுக்காலை நம்புவதைத் தவிர வழியில்லை. தலையணை அந்த வேலையை இன்னும் கடினமாக்குகிறது.

இந்த "ஏன்" என்பதுதான் கினீசியாலஜி, அதாவது மனித அசைவைப் பற்றிய விஞ்ஞானம். சில நாடுகளில் விளையாட்டு விஞ்ஞானம், உடற்பயிற்சி விஞ்ஞானம் என்ற பெயர்களில் இதே பாடங்கள் நடக்கின்றன. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உடலசைவின் விசையியல், அசைவைக் கற்றுக்கொள்வது பற்றிய உளவியல், போசாக்கு, புள்ளிவிபரவியல் எல்லாம் இதில் வரும். விளையாட்டில் கெட்டிக்காரராக இருப்பவர்கள் மைதானத்தை நினைத்துச் சேர்ந்து, முதல் வருடத்திலேயே புள்ளிவிபரவியலிலும் உடற்றொழிலியலிலும் விழுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. ஓடத் தெரிவது நுழைவதற்கு உதவும், பாஸ் பண்ண உதவாது.

நீங்கள் வெறுக்கும் பௌதிகவியலும் இங்கே வாசலிலேயே நிற்கும். 5 கிலோ அரிசிப் பையை முழங்கையை மடக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். பை முழங்கை மூட்டிலிருந்து 32 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. அதைத் தூக்கும் தசை எலும்பில் ஒட்டியிருப்பதோ மூட்டிலிருந்து ஏறக்குறைய 4 சென்ரிமீற்றரில். எட்டில் ஒரு பங்கு தூரம், ஆகவே எட்டு மடங்கு இழுவை: தசை 40 கிலோவுக்கு இழுக்க வேண்டும். முன்னங்கையின் சொந்த எடை இதற்கு மேல். இதே கணக்கை அம்மாவின் கொழுந்துக் கூடைக்குப் போடலாம். கயிறு தலையில், பாரம் முதுகுக்குப் பின்னால். பாரம் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு உடம்பு முன்னால் சாய வேண்டும், அவ்வளவுக்குக் கழுத்து அந்த இழுவைக்கு எதிராக நிற்க வேண்டும். மழை நாளில் நனைந்த கொழுந்து என்றால் அதே கூடை இன்னும் கனக்கும். வேலைத்தளத்தில் உடம்பு படும் பாட்டை இப்படி அளப்பது இத்துறையின் தனிக் கிளை. மலையில் வளர்ந்த ஒருவர் படிக்க இதைவிடப் பொருத்தமான பொருள் இருக்குமா என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு எச்சரிக்கை. "அப்ளைட் கினீசியாலஜி" என்று இன்னொன்று உண்டு. 1964 இல் அமெரிக்காவில் ஒரு கைரோபிரக்டர் (முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சிகிச்சை செய்பவர்) தொடங்கியது. கையை அழுத்திப் பார்த்து ஒவ்வாமையும் உறுப்பு நோயும் கண்டுபிடிப்பதாகச் சொல்வார்கள். பரிசோதனைகளில் அது நிற்கவில்லை. இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான். பெயர் ஒற்றுமையில் ஏமாற வேண்டாம்.

மாமா விட்ட படி

கனடாவில் கினீசியாலஜி நான்கு வருட இளமாணிப் பட்டம். ஒன்ராறியோ மாகாணத்தில் 2013 முதல் கினீசியாலஜிஸ்ட் என்பது சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய தொழில்; பட்டத்துக்குப் பிறகு பரீட்சை எழுதிப் பதிவு பெற வேண்டும். மாமா இதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிசியோ வேறு தொழில், வேறு பதிவு. அங்கே பிசியோவாக, இளமாணிக்குப் பிறகு இரண்டு வருட முதுமாணி படிக்க வேண்டும். அந்த இடங்களுக்கு அந்நாட்டுப் பிள்ளைகளே உயர்ந்த புள்ளிகளோடு அடிபடுகிறார்கள். பல பல்கலைக்கழகங்கள் கனேடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களை மட்டுமே எடுக்கின்றன. மாணவர் விசாவில் போன நீங்கள் நான்கு வருடம் முடித்து அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பீர்கள். அது திறக்காமல் போகவே சாத்தியம் அதிகம்.

இப்போது காசு. வெளிநாட்டு மாணவருக்கு இந்தப் படிப்புக்கு வருடக் கட்டணம் 30,000 கனேடிய டொலரைத் தாண்டும் பல்கலைக்கழகங்கள் நிறைய. கட்டணம் தவிர, வாழ்க்கைச் செலவுக்குத் தனி ஒருவர் 22,895 டொலர் காட்ட வேண்டும் என்பது 2025 செப்டெம்பர் முதல் உள்ள விதி. டொலருக்கு 200 ரூபா என்று குறைத்துப் போட்டாலும் முதல் வருடத்துக்கு மட்டும் ஒரு கோடிக்கு மேல். தோட்டத்தில் முப்பது வருடம் உழைத்தவரின் ஈபிஎப்பும் ஈடிஎப்பும் சேர்ந்தாலும் இதன் பக்கத்தில் வராது. மிச்சத்துக்கு நகையும் வட்டியும்தான். இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு வழியில்லாமல் படிப்பை இடையில் விட்டால் பட்டமும் இல்லை, அப்பாவின் முதுமைக் காசும் இல்லை.

ஏஜென்சியிடம் ஒரு கேள்வி போதும்: "விசா ஆலோசனைக்குக் காசு வாங்க உங்களுக்குக் கனேடிய அனுமதி இருக்கிறதா?" கனடாவில் காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல சட்டத்தரணிகளுக்கும் (கியூபெக்கில் நொத்தாரிசுகளுக்கும்) பதிவுபெற்ற துணைச் சட்டப் பணியாளர்களுக்கும் உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்கும் மட்டுமே அனுமதி. பதிவெண் கேளுங்கள். "அதெல்லாம் எதற்கு தங்கச்சி" என்று சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

திரும்பி வந்தால்

இலங்கையில் பிசியோவை இயன்மருத்துவர் என்கிறோம். இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவு இருந்தால்தான் அந்தத் தொழில். கினீசியாலஜிப் பட்டத்தை வைத்து அந்தப் பதிவு கிடைக்காது, பதிவில்லாமல் அரச வைத்தியசாலையில் அந்த வேலையும் இல்லை. அரச சேவையில் கினீசியாலஜிஸ்ட் என்றொரு பதவியும் கிடையாது. ஊரில் போர்டு மாட்டி "பிசியோ" என்று எழுதிக்கொள்வதோ ஆபத்தான வேலை.

இந்தியாவில் படித்துவிட்டு வந்தாலும் இதே விதிதான். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பிபிடி (இயன்மருத்துவ இளமாணி) படிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது பயிற்சிக் காலத்தோடு நாலரை முதல் ஐந்து வருடம். செலவு கனடாவைவிட மிகக் குறைவு. ஆனால் அந்தக் குறிப்பிட்ட கல்லூரியின் பட்டத்தை மருத்துவப் பேரவை ஏற்குமா என்று முற்பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். "ஏற்பார்கள்" என்று கல்லூரியே சொல்வது பதிலாகாது.

உங்கள் பக்கத்திலேயே உள்ள வழிகள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் இயன்மருத்துவம் நான்கு வருடப் பட்டம். கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. கற்பித்தல் கட்டணம் இல்லை. நீங்கள் எடுத்த மூன்று பாடங்களும் இதற்குப் பொருந்துபவை. சி, எஸ், எஸ் வைத்து இந்த வருடம் கிடைக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம், உங்களுக்கு ஒரு தடவை மிச்சமிருக்கிறது. "ரெண்டு தடவ எழுதியாச்சு, எல்லாம் முடிஞ்சிருச்சு" என்ற உங்கள் வரி சரியில்லை.

பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுப்பது இசட் புள்ளியை வைத்து. ஒவ்வொரு பாடத்திலும் மற்றவர்களோடு ஒப்பிட்டு உங்களுக்கு ஒரு இசட் புள்ளி வரும்; மூன்றின் சராசரிதான் உங்கள் இசட் புள்ளி. உயிரியலிலும் ஏறலாம். ஆனால் ஏற அதிக இடமிருப்பது எஸ் எடுத்த இரண்டில். பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படிப்பதுதான் மூன்றாம் தடவை எழுதுபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. வாரத்தில் நான்கு நாள் இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் கொடுங்கள்.

நீங்கள் கவனிக்காத இன்னொன்று, மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. பொதுவாக உயர்தரம் வரையிலான கடைசி மூன்று வருடம் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதே கணக்கு. கண்டிக்குப் போய் டியூஷன் எடுப்பதால் மாவட்டம் மாறாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தளத்தில் கடந்த மூன்று வருட வெட்டுப்புள்ளிகளை எடுத்து, இயன்மருத்துவத்துக்கு உங்கள் நுவரெலியா மாவட்ட வரிசையை மட்டும் பாருங்கள். பக்கத்து வீட்டார் சொல்லும் புள்ளி பெரும்பாலும் வேறு மாவட்டத்துடையது.

இரண்டாவது வழி, கினீசியாலஜிக்கு இங்கே மிக நெருங்கிய படிப்பு. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும், உடற்கல்வி என இரண்டும் உண்டு. அது இருக்கும் பெலிஹுல்ஓயா உங்களுக்குத் தூரமில்லை. ஹப்புத்தளை தாண்டிப் பெரகலையில் பலாங்கொடை வீதியில் இறங்கினால் வந்துவிடும். ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் விளையாட்டு விஞ்ஞானம் இருக்கிறது. இவற்றுக்கு, அந்தத் துறைக்கு ஏற்றவரா என்று பார்க்கும் உளச்சார்புப் பரீட்சை உண்டு. உங்கள் மாகாண மட்ட ஓட்டம் பெறுமதி பெறுவது இங்கேதான்.

இங்கே பிள்ளைகள் வருடா வருடம் தவறும் இடங்களைச் சொல்கிறேன். உளச்சார்புப் பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகம் வேறாக அறிவித்தல் போடும், முடிவுத் திகதியும் வேறு. பொது விண்ணப்பத்தில் எழுதினால் போதும் என்று இருந்துவிட்டால் வாய்ப்புப் போய்விடும். மாறாக, பரீட்சையில் சித்தி பெற்றும் பொது விண்ணப்பத்தின் விருப்ப வரிசையில் அந்தக் கற்கைநெறியின் குறியீட்டை எழுதாமல் விட்டவர்களும் உண்டு, அவர்களுக்கும் இடமில்லை. விருப்ப வரிசையை ஆசைப்படியே எழுதுங்கள்: பேராதனை இயன்மருத்துவம் முதலில், கொழும்பு அடுத்து, பிறகு விளையாட்டு விஞ்ஞானம். மேலே உள்ளது கிடைத்தால் கீழே உள்ளவை தானாக விழும். போக விருப்பமில்லாத எதையும் இடைவெளி நிரப்ப எழுத வேண்டாம். ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்த வருடம் வேறொன்றுக்கு மாறுவது லேசில்லை; மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் பதிவு இரத்து பற்றிய பகுதியை வாசித்துவிட்டுப் பதியுங்கள்.

அடுத்தது பெயர். உங்கள் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் வேறொன்று என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். தோட்டத்துப் பதிவுகளில் இது சகஜம், ஆனால் நேர்முகத்தில் சகஜமாக எடுக்க மாட்டார்கள். மாகாணப் போட்டிச் சான்றிதழில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் "இந்தப் பெயர்கள் எல்லாம் நானே" என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி செய்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழைத் திருத்துவதென்றால் பிரதேச செயலகப் பதிவாளர் பிரிவில் தொடங்க வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். முடிவுத் திகதி வந்த பிறகு ஓடிப் பயனில்லை. சான்றிதழின் மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஏஜென்சியிடம் அறவே கூடாது.

படித்து என்ன வேலை

அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். உடற்கல்விப் பட்டதாரி ஆசிரியராகலாம். பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தர் பதவி இருக்கிறது, பல்கலைக்கழகங்களில் உடற்கல்விப் போதனாசிரியர் பதவியும். ஆகவே அப்பா சொல்லும் டீச்சர் வேலைக்கும் உங்கள் ஓட்டத்துக்கும் சண்டை இல்லை, அவர் அறியாமலே ஒரே திசையைத்தான் காட்டுகிறார். அரச நியமனங்கள் வெற்றிடத்தையும் வர்த்தமானி அறிவித்தலையும் பொறுத்தவை, பட்டம் முடித்த மறுமாதம் வராது. தனியார் பக்கம் உடற்பயிற்சி நிலையங்கள், ஹோட்டல்கள், கழகங்களின் உடற்தகுதிப் பயிற்றுநர் வேலை. அது கொழும்பிலும் கண்டியிலும்தான் அதிகம். பட்டமே கிடைக்காவிட்டால் தேசிய கல்வியியல் கல்லூரி: இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் பயிற்சி. பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி உங்களுக்குப் பக்கம். எந்தப் பாடத்துக்கு எந்த மொழியில் ஆள் எடுக்கிறார்கள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், வர்த்தமானியைப் பாருங்கள்.

பிசியோ வேலை பற்றியும் ஒரு திருத்தம். நீங்கள் பார்த்தது ஓட்டக்காரியின் கணுக்கால். அந்த அம்மாவின் நாளில் அது அபூர்வமான நேரம். பக்கவாதம் வந்து கை எழும்பாத பெரியவர், முழங்கால் தேய்ந்த பாட்டி, எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவர், சளி கட்டிய நெஞ்சைத் தட்டி வெளியேற்ற வேண்டிய தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளி, இவர்கள்தான் பெரும்பகுதி. ஒரே பயிற்சியை ஒரே பாட்டியிடம் முப்பதாவது தடவை சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். அது உங்களுக்குப் பிடிக்குமென்றால் இயன்மருத்துவம்தான் உங்கள் இடம், மூன்றாம் தடவை எழுதுவது வீணில்லை. "ஏன் கண்ணை மூடச் சொன்னார்" என்ற கேள்விதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்றால் விளையாட்டு விஞ்ஞானம் உங்களுக்கு இரண்டாந்தரத் தேர்வு அல்ல. கடிதத்தில் இரண்டும் இருக்கின்றன. எனக்கு முதலாவது கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

செலவுக்கு: பல்கலைக்கழகம் கிடைத்தால் மகாபொல அல்லது பர்சரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியத்தின் புலமைப்பரிசில் உண்டு. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரியுங்கள். அம்மா இன்னும் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்கிறார் என்பதற்குத் தோட்ட அலுவலகக் கடிதம் ஒன்று எடுத்து வைத்தால் அலைச்சல் குறையும். மாமாவுக்கு உதவ மனமிருக்கிறது என்பது தெரிகிறது. கனடாவுக்குக் கூப்பிடும் செலவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக, ஒரு வருட இரசாயனவியல், பௌதிகவியல் டியூஷன் கட்டணத்தைத் தரச் சொல்லிக் கேளுங்கள். கூடவே ஆங்கிலம்: பேராதனையிலும் பெலிஹுல்ஓயாவிலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான். எலும்பு, தசைப் பெயர்களை ஆங்கிலத்தில் நாளைக்குப் பத்து எழுதிப் பழகத் தொடங்கினால் முதலாம் வருடத்தில் பாதிப் பயம் போய்விடும்.

இந்த மாதத்துக்குள் அந்தப் பிசியோ அம்மாவைப் போய்ப் பாருங்கள். கிளினிக் நாளில் வேண்டாம், கூட்டமாக இருக்கும். மற்ற நாளில் பகல் இரண்டு மணிக்குப் பிறகு போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார், எங்கே படித்தார், எது கஷ்டம் என்று கேளுங்கள். ஒரு பொழுது ஓரமாக நின்று பார்க்க விடுவாரா என்றும் கேளுங்கள். அதற்கு வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியின் அனுமதி தேவைப்படும், கடிதமொன்று எழுதிக் கையோடு கொண்டு போங்கள். தலையணை விஷயத்தையும் இந்த முறை வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். நான் சொன்னதைவிட நன்றாகவே அவர் விளக்குவார்.